எண்டெவர் விண்ணோடம் தெருவில் போன கடைசி 12 மைல்

நெடுவழி | 30 ஜனவரி 2024, இரவு 9:10

இன்று விடியும் முன், நாசாவின் ஓய்வுபெற்ற விண்ணோடம் எண்டெவர் எழுந்து நின்றுவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா அறிவியல் மையம் கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடம் இன்னும் முடியவில்லை. மேல்பக்கம் திறந்திருக்கும்போதே கிரேனில் இறக்கி, ஆரஞ்சு நிற எரிபொருள் தொட்டியோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பூஸ்டர்கள். ஏவுதளத்தில் நின்ற அதே கோலம். இனி அது எங்கும் நகரப் போவதில்லை.

செய்தியைப் படித்ததிலிருந்து மனம் 2012 அக்டோபர் 13-க்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அன்று சனிக்கிழமை. நான் கிரென்ஷா சாலை ஓரத்தில் காலையிலிருந்து நின்றேன். விமான நிலையத்திலிருந்து அறிவியல் மையம் இருக்கும் எக்ஸ்போசிஷன் பார்க் வரை 12 மைல் தூரத்தை ஊர்த் தெரு வழியாகவே கொண்டு வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏறியது, இறங்கியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா மடக்கு நாற்காலி கொண்டு வந்திருந்தார். என்னையும் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்.

முதலில் தெரிந்தது வால்தான். கடைகளின் கூரைக்கு மேலே, ஏதோ ஒரு கட்டடமே நகர்ந்து வருவது போல. அப்புறம் மூக்கு. இரைச்சல் எதுவும் இல்லை, சுமந்து வந்த வண்டிகளின் எஞ்சின் உறுமல் மட்டும். ஆள் நடக்கும் வேகத்தை விடக் குறைவு. இறக்கை நடைபாதைக்கு மேலேயே வந்தது. படங்களில் பளிச்சென்று வெள்ளையாகப் பார்த்த ஓடம் நேரில் அப்படி இல்லை. பக்கவாட்டில் தீ நக்கிய தடம், வெப்பத் தடுப்பு ஓடுகளுக்கு நடுவே கறை, ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு நிறம். 25 முறை காற்று மண்டலத்துக்குள் எரிந்து இறங்கிய உடம்பு அது. பக்கத்து அம்மா எழுந்து நின்று கைகூப்பவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு அழுதார்.

அது பறந்த தூரம் 12 கோடி மைலுக்கு மேல். என்னைக் கேட்டால் அதிலெல்லாம் இந்தக் கடைசி 12 மைலில்தான் அது சாதாரண மக்களுக்கு மிக அருகில் வந்தது. நேரில் பார்த்தவர்கள், படித்தவர்கள், வேறு கருத்து உள்ளவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

---

திரிசங்கு | 30 ஜனவரி 2024, இரவு 10:02

நெடுவழி அண்ணா, நல்ல இழை. இதன் கதையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு மாற்றாகக் கட்டியதுதான் எண்டெவர். மற்ற ஓடங்களுக்காகச் செய்து வைத்திருந்த உதிரிப் பாகங்கள் பலவற்றை இதில் பயன்படுத்தினார்கள். பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் போட்டியில் தேர்ந்தெடுத்தார்கள். கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல் பெயர் என்பதால் அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேண்டாம், பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1992 மே மாதம் முதல் பயணம். 1993 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியின் பார்வைக் கோளாறைச் சரிசெய்யப் போனது இதுதான். 1998 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் முதல் இரண்டு பகுதிகளை இணைத்ததும் இதுதான். 2011 ஜூன் 1 அதிகாலை 2:34-க்கு ஃபுளோரிடாவில் உள்ள நாசாவின் கென்னடி மையத்தில் இருட்டில் இறங்கியது. அதோடு ஓய்வு. மொத்தம் விண்ணில் இருந்தது 299 நாள்.

இது கலிபோர்னியாவுக்குப் போனதை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். கட்டி முடித்தது பாம்டேலில். பிரதான எஞ்சின்கள் கனோகா பார்க்கில் செய்தவை. லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றியிருந்த ஆலைகளில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஆட்கள் தங்கள் கையால் செய்ததை அதற்கு முன் கிட்டப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் பக்கத்தில் அழுத அம்மா அந்த ஆலை ஒன்றில் வேலை பார்த்தவராகக்கூட இருக்கலாம்.

---

வேம்படி | 30 ஜனவரி 2024, இரவு 11:35

நானும் அந்தப் பகுதியில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த 12 மைலுக்காகக் கிட்டத்தட்ட 400 மரங்களை வெட்டினார்கள். இங்கிள்வுட்டிலும் தெற்கு லாஸ் ஏஞ்சலஸிலும். பணக்காரப் பகுதிகளில் தெரு முழுக்கப் பந்தல் போட்ட மாதிரி மரம் இருக்கும். தெற்குப் பகுதியில் ஏற்கெனவே குறைவு. அங்கே பேருந்துக்கு நிற்கிறவர்களுக்கு அந்த மரம்தான் கூரை. இருபது முப்பது வருடம் வளர்ந்த நிழலை ஒரு வார இறுதிக்காக அறுத்துப் போட்டார்கள். ஊர்வலம் வந்த அன்று இரண்டு பக்கமும் கூடியவர்கள் வெயிலில் நின்றதற்கு ஒரு காரணம் அதுவும்தான்.

ஒரு மரத்துக்கு இரண்டு நடுகிறோம் என்றார்கள் முதலில். மக்கள் சண்டை போட்ட பிறகுதான் அது ஏறி, மொத்தம் ஆயிரத்துக்கும் மேல் நடுவதாக ஒப்புக்கொண்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது. அந்தச் சண்டையும் இந்தக் கதையில் ஒரு பங்கு. அதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

---

இளையவன்77 | 31 ஜனவரி 2024, காலை 7:20

ஒரு சந்தேகம். தெரு வழியாக ஏன் போக வேண்டும்? பெரிய ஹெலிகாப்டரில் தூக்கியிருக்கலாமே? இல்லை, பிரித்து லாரியில் ஏற்றியிருக்கலாமே? மரமும் மிஞ்சியிருக்கும்.

---

பளுதூக்கி | 31 ஜனவரி 2024, காலை 10:48

தம்பி, இது என் தொழில். இருபது வருடம் சவுதியிலும் கத்தாரிலும் சுத்திகரிப்பு ஆலைக் கோபுரங்களை இந்த மாதிரிதான் நகர்த்தினோம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஓடத்தின் எடை சுமார் 77 டன். அந்த எடையைத் தூக்குகிற ஹெலிகாப்டர் உலகத்தில் கிடையாது. பிரிக்கலாம் என்றால், மேலே ஒட்டியிருப்பது 20,000-க்கும் மேற்பட்ட வெப்பத் தடுப்பு ஓடுகள். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்கென்றே அளந்து செய்தது. இறக்கையை அறுத்தால் மறுபடி ஒட்டலாம். ஆனால் அப்போது அருங்காட்சியகத்தில் நிற்பது அறுத்து ஒட்டிய பொருள். ஃப்ரீவேயில் போகலாம் என்றால் குறுக்கே போகும் பாலங்களுக்கு அடியில் வால் நுழையாது. இறக்கைக்கு இறக்கை 78 அடி, நீளம் 122 அடி, வண்டி மேல் ஏற்றிய பின் வால் ஐந்து மாடி உயரம். மிச்சம் இருப்பது தெருதான்.

சுமந்த வண்டியை நாங்கள் எஸ்.பி.எம்.டி. என்போம். இழுக்க டிரக் வேண்டாம், தானே ஓடும். எண்டெவருக்கு நான்கு வண்டி, எல்லாம் சேர்த்து 160 சக்கரம். ஒவ்வொரு அச்சும் தனித்தனியாகத் திரும்பும், நண்டு மாதிரி பக்கவாட்டில்கூடப் போகும். சாலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஹைட்ராலிக் ஏறி இறங்கி மேலே இருப்பதை மட்டமாக வைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் வண்டியில் உட்காரவே மாட்டார். இடுப்பில் ரிமோட் பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடவே நடப்பார். இறக்கை முனைகளில், வாலில், மூக்கில் ஆள் நின்று கண் கொடுப்பார்கள். "நிறுத்து" என்று எவர் கத்தினாலும் நிறுத்த வேண்டும். அதில் பெரியவர் சின்னவர் கிடையாது.

ஊரில் தேர் ஓடும்போது எல்லோரும் வடம் பிடிக்கிறவர்களைப் பார்ப்பார்கள். நான் சின்ன வயதிலிருந்தே சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைத்தான் பார்ப்பேன். மூலையில் தேரைத் திருப்புவது அவர் கை. எங்கள் வேலையும் அதுதான். நகர்த்துவது சுலபம். திருப்புவதும் நிறுத்துவதும்தான் வேலை.

சாலைக்கு அடியில் சாக்கடைக் குழாய், கேஸ் குழாய், கேபிள் எல்லாம் ஓடும். எடை ஓரிடத்தில் அழுத்தினால் உடைந்துவிடும். அதனால் வழியெங்கும் சுமார் 2,700 ஸ்டீல் பிளேட் விரித்தார்கள். சிக்னல் கம்பங்களைக் கழற்றினார்கள், மின்கம்பிகளைத் தூக்கினார்கள். நெடுவழி சார் வெயிலில் காத்திருந்தாரே, அந்தத் தாமதம் பெரும்பாலும் இதனால்தான். கடைசி நிமிடத்தில் இன்னொரு கிளையை வெட்ட வேண்டியிருந்தது, வண்டியில் சின்னக் கோளாறு வந்தது. சனிக்கிழமை இரவு சேர வேண்டியது ஞாயிறு நண்பகலுக்குத்தான் சேர்ந்தது. எங்கள் தொழிலில் அது தோல்வி இல்லை. கீறல் விழாமல் சேர்த்தார்கள் என்பதுதான் கணக்கு.

இன்னொன்று. 405 ஃப்ரீவேக்கு மேலே மான்செஸ்டர் சாலைப் பாலம் வருகிறது. ஓடத்தின் எடையோடு இந்த வண்டிகளின் எடையும் சேர்ந்தால் பாலம் தாங்காது. அதனால் வெள்ளிக்கிழமை இரவு ஓடத்தை இலகுவான வேறு சக்கரச் சட்டத்துக்கு மாற்றி, ஒரு டொயோட்டா டண்ட்ரா பிக்அப்பை வைத்து இழுத்தார்கள். விளம்பரத்துக்காகத்தான் அந்த பிக்அப் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். விளம்பரம் இருந்தது உண்மை. ஆனால் வண்டி மாற்றியதற்குக் காரணம் பாலத்தின் எடை வரம்பு. மட்டமான தரையில், நல்ல பேரிங் உள்ள சக்கரத்தில், 77 டன்னை உருட்டப் பெரிய விசை தேவைப்படாது. அந்த இடத்தில் எனக்குப் பயம் இழுப்பதில் அல்ல, பிரேக்கில்தான் இருந்திருக்கும்.

---

வேம்படி | 31 ஜனவரி 2024, மதியம் 1:15

பளுதூக்கி ஐயா, விளக்கத்துக்கு நன்றி. வண்டி இவ்வளவு நுணுக்கமாகத் திரும்பும் என்றால் மரங்களைச் சுற்றிப் போயிருக்க முடியாதா?

---

பளுதூக்கி | 31 ஜனவரி 2024, மதியம் 2:03

சில இடத்தில் போனார்கள் அம்மா. மார்ட்டின் லூதர் கிங் சாலையில் கிங் நினைவாக நட்ட பைன் மரங்கள் உண்டு. அவற்றை வெட்ட விடமாட்டோம் என்று அந்தப் பகுதி மக்கள் சொல்லிவிட்டார்கள். அங்கே ஓடத்தை அப்படியும் இப்படியும் திருப்பி, இறக்கையை மரங்களுக்கு நடுவே நுழைத்து எடுத்தார்கள். முழு வழியிலும் அப்படிச் செய்ய முடியாது. 78 அடி இறக்கைக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும். கிரென்ஷா டிரைவ் குறுகலான தெரு. அங்கே அடுக்குமாடி வீட்டு ஜன்னலுக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்தாலே அதிகம்.

ஆனாலும் நீங்கள் கேட்பது நியாயம். ஒரு தெருவில் மக்கள் முடியாது என்றதும் வழி பிறந்திருக்கிறது. மற்ற தெருக்களில் அந்த அளவு முயன்றார்களா என்று கேட்டால் எனக்கும் உறுத்தும்.

---

நெடுவழி | 31 ஜனவரி 2024, இரவு 8:40

வேம்படி அக்கா, முதல் பதிவிலேயே மரத்தைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறுதான். நான் நின்ற இடத்தில் இரண்டு அடிமரங்கள் புதிதாக அறுத்தபடி இருந்தன. ஒன்றின் மேல் குழந்தைகள் ஏறி நின்று பார்த்தார்கள். அப்போது அதை நல்ல இடம் என்றுதான் நினைத்தேன்.

வானில் வந்த பகுதியையும் சொல்லிவிடுகிறேன். 2012 செப்டம்பர் 19 அன்று ஃபுளோரிடாவிலிருந்து 747 விமானத்தின் முதுகில் கிளம்பியது. மழை மேகத்தால் இரண்டு நாள் தாமதம். மறுநாள் அரிசோனாவின் டூசான் நகருக்கு மேலே ஒருமுறை பறந்தது. கேபி கிஃபர்ட்ஸ் அந்த ஊர்க்காரர். 2011 ஜனவரியில் சுடப்பட்டு உயிர் பிழைத்த நாடாளுமன்ற உறுப்பினர். அவர் கணவர் மார்க் கெல்லிதான் எண்டெவரின் கடைசிப் பயணத்துக்குத் தளபதி. அன்று அவர்கள் இருவரும் அந்த ஊரில் நின்று பார்த்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பயணத்தைத் திட்டமிட்டவர்கள் மேல் எனக்கு மரியாதை.

செப்டம்பர் 21 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு மேலே பறந்து, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் வந்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி மதியம் இறங்கியது. அலுவலகத்தில் எல்லோரும் வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நின்றோம். மேலாளர் எதுவும் சொல்லவில்லை, அவரும் அங்கேதான் இருந்தார்.

---

பைன்காடு | 31 ஜனவரி 2024, இரவு 11:50

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் மனக்குறை இன்னும் தீரவில்லை.

2011 ஏப்ரல் 12 அன்று, முதல் விண்ணோடம் (ஷட்டில்) பறந்த 30-ஆம் ஆண்டு நாளில், எந்த ஓடம் எங்கே என்று அறிவித்தார்கள். டிஸ்கவரி வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு. அட்லாண்டிஸ் கென்னடி மையத்துக்கு. எண்டெவர் லாஸ் ஏஞ்சலஸுக்கு. விண்ணுக்கே போகாத சோதனை ஓடம் எண்டர்பிரைஸ் நியூயார்க்குக்கு. ஹூஸ்டனுக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பயணத்தையும் தரையிலிருந்து நடத்தியது இந்த ஊர். வீரர்கள் பயிற்சி பெற்றது இங்கே. சாலஞ்சரிலும் கொலம்பியாவிலும் இறந்தவர்களின் குடும்பங்கள் அழுததும் இங்கேதான்.

2012 செப்டம்பர் 19 அன்று எண்டெவர் எங்கள் எலிங்டன் விமானத் தளத்தில் ஓர் இரவு தங்கியது. என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். இங்குள்ள நாசாவின் ஜான்சன் மையத்தில் வேலை பார்ப்பவர்கள் பலர் அடையாள அட்டையோடு வந்திருந்தார்கள். மறுநாள் சூரியன் உதிக்கும்போது அது மேற்கே கிளம்பிப் போனது. வந்த விருந்தாளி போவதைப் பார்ப்பது போல இல்லை. வீட்டுப் பெண்ணை வழியனுப்பியது போல இருந்தது.

ஒரு ஆறுதல் சொல்கிறேன். எண்டெவரைச் சுமந்த அதே 747 இப்போது எங்கள் ஊரில் நிற்கிறது. அதன் முதுகில் இருப்பது மாதிரி ஓடம்தான், ஆனால் விமானம் அசல். உள்ளே ஏறிப் பார்க்கலாம்.

---

இளையவன்77 | 1 பிப்ரவரி 2024, காலை 6:55

இன்னொரு கேள்வி. எஞ்சின் எல்லாம் உள்ளே இருக்கிறதா? எரிபொருள் ஊற்றினால் மறுபடி பறக்குமா?

---

திரிசங்கு | 1 பிப்ரவரி 2024, காலை 9:30

பறக்காது தம்பி. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அதைக் கழுவிச் சுத்தம் செய்வதே வேலையாக இருந்தது. விண்ணில் திசை திருப்பும் சின்ன எஞ்சின்களில் ஹைட்ரசீன் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் இருந்தன. இரண்டும் கொடிய விஷம். குழந்தைகள் அடியில் நடக்கப் போகும் கூடத்தில் அவற்றின் ஒரு சொட்டுகூட மிஞ்சக் கூடாது. அந்தப் பகுதிகளைக் கழற்றி நியூ மெக்சிகோவில் உள்ள ஒயிட் சாண்ட்ஸுக்கு அனுப்பிச் சுத்தம் செய்தார்கள்.

மூன்று பெரிய எஞ்சின்களை நாசா எடுத்து வைத்துக்கொண்டது. பின்னால் தெரிவது மாதிரிக் கூம்புகள். ஷட்டில்களிலிருந்து கழற்றிய அந்த வகை எஞ்சின்களில் நான்குதான் 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் 1 ராக்கெட்டை நிலவு நோக்கி எழுப்பின. அதனால் இந்த ஓடங்களின் ஒரு பகுதி இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

இன்று பிப்ரவரி 1. 2003-இல் இதே நாளில் கொலம்பியா சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் அதில் இருந்தார்கள். ஏவும்போது எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. திரும்பி வரும்போது அந்த ஓட்டை வழியாக வெப்பம் புகுந்தது. அந்தத் தொட்டியின் எண் 93.

இப்போது எண்டெவரைத் தாங்கி நிற்கிற ஆரஞ்சுத் தொட்டியின் எண் 94. கொலம்பியாவின் தொட்டிக்கு அடுத்து, அதே முறையில் செய்தது. விபத்துக்குப் பிறகு காரணம் தேடியவர்கள் இதன் நுரையைத்தான் வெட்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். பறந்த தொட்டிகள் எதுவும் திரும்பி வராது, ஒவ்வொரு முறையும் விண்ணோடம் உதறிவிட்டுப் போய்விடும். பறப்பதற்கென்று செய்து மிஞ்சியது இது ஒன்றுதான். அங்கே போகிறவர்கள் ஓடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தத் தொட்டியின் முன்னாலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

2016 ஏப்ரல் 12 அன்று நியூ ஆர்லியன்ஸிலிருந்து மிதவையில் ஏற்றி, பனாமா கால்வாய் வழியாகக் கடலில் கொண்டு வந்தார்கள். வழியில் மெக்சிகோ கரையோரம் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகிலிருந்து நான்கு பேரை இழுவைக் கப்பல்காரர்கள் காப்பாற்றினார்கள். மே 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கரையோரத்து மரினா டெல் ரேயிலிருந்து தெரு வழியாக ஒரே நாளில் கொண்டு சேர்த்தார்கள்.

---

வேம்படி | 1 பிப்ரவரி 2024, காலை 11:10

அந்தத் தொட்டிக்கு எத்தனை மரம்?

---

திரிசங்கு | 1 பிப்ரவரி 2024, காலை 11:26

ஒன்றுகூட இல்லை அக்கா. 154 அடி நீளம், ஓடத்தை விடப் பெரியது. ஆனால் இறக்கை கிடையாது, அகலம் 30 அடி சொச்சம்தான். கிளைகளைக் கொஞ்சம் ஒதுக்கியதோடு சரி. மரம் வெட்ட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

---

வேம்படி | 1 பிப்ரவரி 2024, காலை 11:41

முதலிலேயே சொன்னார்கள் என்றால் 2012-இல் சண்டை போட்டவர்களுக்காகத்தான். சரி, இது தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். நெடுவழி தம்பி, நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால் கிரென்ஷாவில் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

நெடுவழி | 3 பிப்ரவரி 2024, மாலை 5:30

போய் வந்தேன் அக்கா. தெருவே மாறிவிட்டது. 2022 அக்டோபரில் திறந்த கே லைன் ரயில் இப்போது கிரென்ஷா சாலையில் ஓடுகிறது. ஒரு பகுதியில் சாலை நடுவிலேயே தண்டவாளம், மேலே மின்கம்பி. எண்டெவரை இனி அந்த வழியில் அவ்வளவு லேசாகக் கொண்டு போக முடியாது.

நான் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடிமரங்கள் இல்லை. நடைபாதையில் வரிசையாக இளமரங்கள் இருக்கின்றன. அன்று நட்டவையா, ரயிலுக்காகப் பின்னால் நட்டவையா என்று கேட்டுப் பார்த்தேன், அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒன்றின் கீழ் இரண்டு பேர் பேருந்துக்கு நின்றார்கள். நிழல் ஒருவருக்குத்தான் போதுமானதாக இருந்தது. மற்றவர் குடை பிடித்திருந்தார்.

கிங் சாலையில் பைன் மரங்களையும் பார்த்தேன். படம் எடுத்திருக்கிறேன், இரவு ஏற்றுகிறேன்.